மனதுக்கு ஒரு பாடவேளை

அறிதல்-நடத்தைச் சிகிச்சை, இன்று உலகில் மிக அதிகமாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட பேச்சுவழி மனநலச் சிகிச்சை. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘சிபிடி’ என்றே மருத்துவர்களும் ஆலோசகர்களும் சொல்கிறார்கள். ஒரு நிகழ்ச்சி நடக்கிறது. அதைப் பற்றி மனதில் ஓர் எண்ணம் ஓடுகிறது. எண்ணத்துக்கேற்ப உணர்ச்சி எழுகிறது, உடம்பு பதறுகிறது, ஆள் எதையோ செய்கிறார் அல்லது செய்யாமல் ஒதுங்குகிறார். நடந்துவிட்ட நிகழ்ச்சியை யாராலும் மாற்ற முடியாது. எண்ணத்தையும் செயலையும் தொட்டுப் பார்க்கலாம். சிபிடியின் வேலை முழுவதும் இந்த இரண்டு இடங்களில்தான் நடக்கிறது.

பள்ளிக்கூடத்தில் இதைத் தினமும் காணலாம். கணக்கு டீச்சர் ஒரு மாணவியைக் கரும்பலகைக்கு அழைக்கிறார். ‘தப்பாகப் போட்டால் கிளாஸே சிரிக்கும்’ என்று அவளுக்குத் தோன்றுகிறது. நெஞ்சு படபடக்கிறது. வயிறு வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறாள். உட்கார்ந்ததும் படபடப்பு அடங்குகிறது. அந்த நிம்மதியில்தான் சிக்கலே இருக்கிறது. ஒதுங்கினால் பயம் போகும் என்று உடம்பு படித்துக்கொள்கிறது. தான் பயந்தது உண்மையில் நடக்குமா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அவளுக்குக் கிடைப்பதே இல்லை. அடுத்த வாரம் கணக்கு வகுப்பு உள்ள நாளில் காலையிலேயே வயிறு வலிக்கிறது. சில மாதங்களில் பள்ளிக்கே வராத நிலை வருகிறது. வீட்டில் இதைப் பிடிவாதம் என்பார்கள், பள்ளியில் சோம்பேறித்தனம் என்பார்கள். வலி நிஜமானது என்பதை இரண்டு இடத்திலும் யாரும் கவனிப்பதில்லை.

இந்தச் சிகிச்சையின் இரு பாதிகளும் தனித்தனியாகப் பிறந்தவை. செயலைத் தொடும் பாதிதான் மூத்தது. அது தொடங்கியதே ஒரு குழந்தையிடம். 1924இல் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி எழுதினார். அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்துவிட்டு, கூண்டிலிருந்த முயலை அறையின் மறுகோடியில் வைத்தார்கள். நாளுக்கு நாள் கூண்டு கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்தது. கடைசியில் பீட்டர் முயலைத் தொட்டு விளையாடினான். பயப்படும் பொருளிடமிருந்து விலகாமல், தாங்கக்கூடிய அளவில் அதை நெருங்க வைக்கும் இந்த முறை நூறாண்டுகளுக்குப் பிறகும் அடிப்படையில் மாறவில்லை.

எண்ணத்தைத் தொடும் பாதி ஃபிலடெல்ஃபியாவில் உருவானது. பென்சில்வேனியா பல்கலைக்கழக மனநல மருத்துவர் ஏரன் பெக், ஃபிராய்டு வழி உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றவர். பிறர்மேல் காட்ட முடியாத கோபம் தன்மேலேயே திரும்புவதுதான் மனச்சோர்வு என்ற பழைய கொள்கையை நிரூபிக்க, நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். கனவுகளில் கோபம் அகப்படவில்லை. தோல்வியும் இழப்பும்தான் திரும்பத் திரும்ப வந்தன. விழித்திருக்கும்போதும் ‘நான் எதற்கும் லாயக்கில்லை’, ‘இனி எதுவும் சரியாகாது’ என்ற எண்ணங்கள் அவர்கள் மனதில் தாமாக ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டார். அவற்றை நோயாளியோடு சேர்ந்தே எடுத்துப் பார்த்து, ஆதாரம் உண்டா என்று கேட்கும் முறையை 1960களில் வகுத்தார். ஏறத்தாழ அதே காலத்தில், 1955 முதல், நியூயார்க்கில் ஆல்பர்ட் எல்லிஸ் இதற்கு நெருக்கமான ஒரு முறையை இன்னும் காரசாரமான வாதத்தோடு நடத்திவந்தார். பெக் 2021இல் தமது நூறாவது வயதில் காலமானார்.

பெரியவர்களுக்காக வளர்ந்த இந்த முறையைச் சிறுவர்களுக்கு ஏற்றதாக மாற்றியவர்களில் முக்கியமானவர், அதே ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிலிப் கெண்டல். அதீதப் பதற்றம் உள்ள 9 முதல் 13 வயது வரையிலான 47 பிள்ளைகளிடம் அவர் நடத்திய சோதனையின் முடிவுகள் 1994இல் வெளியாயின. பதினாறு வாரப் பயிற்சி. அதில் கார்ட்டூன் பூனை வரும் ஒரு பயிற்சி நோட்டும் உண்டு. சிகிச்சை பெற்ற பிள்ளைகளின் நிலை, காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிடத் தெளிவாக முன்னேறியிருந்தது.

மாணவரோடு நடக்கும் வேலை

ஆலோசகரின் அறையில் நடப்பது அறிவுரை அல்ல. ‘நல்லா படி’, ‘தைரியமா இரு’, ‘எல்லாம் சரியாயிடும்’ ஆகியவற்றை எல்லாப் பிள்ளைகளும் ஏற்கெனவே நூறு முறை கேட்டிருப்பார்கள். சிபிடி ஆலோசகர் முதலில் கேள்வி கேட்கிறார். எப்போது நடந்தது, அந்த நொடியில் மனதில் என்ன ஓடியது, உடம்பில் எங்கே தெரிந்தது, பிறகு என்ன செய்தாய்? மாணவர் இவற்றை ஒரு தாளில் எழுதுகிறார். ஒரு வாரம் எழுதிவந்தாலே எந்த எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது என்று அவருக்கே தெரிந்துவிடும்.

பிறகு அந்த எண்ணத்தைச் சோதிப்பது. ‘அரையாண்டில் 52 மார்க், என் வாழ்க்கையே போச்சு’ என்று பத்தாம் வகுப்பு மாணவர் சொன்னால், ‘அப்படியெல்லாம் இல்லை’ என்று மறுப்பது பயன் தராது. 52 என்ற எண் உண்மை. வாழ்க்கை போய்விட்டது என்பது அந்த எண்ணிலிருந்து மனம் எடுத்த தாவல். அந்தத் தாவலுக்கு எது ஆதாரம், எது எதிர் ஆதாரம், இதே மார்க்கை நண்பன் வாங்கியிருந்தால் அவனிடம் என்ன சொல்லியிருப்பாய் என்று கேட்டுக்கேட்டு, மாணவரே ஒரு வாக்கியத்துக்கு வந்து சேர வேண்டும். ‘கணக்கில் இரண்டு பாடம் புரியவில்லை, ஆண்டுத் தேர்வுக்கு முன் அதைச் சரிசெய்ய முடியும்’ என்பது போன்ற வாக்கியம். அது உற்சாக வசனமாக இருக்க வேண்டியதில்லை, உண்மையாக இருந்தால் போதும். நல்லதையே நினை என்று சொல்லும் மேடைப் பேச்சுக்கும் சிபிடிக்கும் உள்ள தூரம் இங்கேதான் இருக்கிறது.

எண்ணத்தோடு நிறுத்திவிட்டால் பாதி வேலைகூட ஆகாது. கரும்பலகைக்குப் போகாத அந்த மாணவிக்குப் பயப் படிக்கட்டு ஒன்று எழுதப்படுகிறது. யாருமில்லாத வகுப்பறையில் பலகையில் எழுதுவது அவளுக்குப் பத்துக்கு இரண்டு அளவு பயம். தோழி ஒருத்தி முன் எழுதுவது நான்கு. உட்கார்ந்த இடத்திலிருந்தே விடை சொல்வது ஐந்து. முழு வகுப்பின் முன் தெரிந்த கணக்கைப் போடுவது எட்டு. வேண்டுமென்றே ஒரு தப்பு போட்டுவிட்டு என்ன நடக்கிறது என்று பார்ப்பது பத்து. கீழ்ப்படியில் பயம் தணியும்வரை நின்று பழகிய பிறகே அடுத்தது. ஒவ்வொரு படியிலும் தான் எதிர்பார்த்தது நடந்ததா என்று அவள் குறித்துக்கொள்கிறாள். வாதத்தால் மாறாத எண்ணங்கள் பல, இப்படிச் செய்து பார்த்ததும் மாறிவிடுகின்றன.

சோர்ந்து ஒடுங்கிப்போன மாணவருக்கு வேறு வழி. அவர் விளையாட்டை விட்டிருப்பார், நண்பர்களை விட்டிருப்பார். விட விட மனம் இன்னும் தாழ்ந்திருக்கும். மனம் சரியான பிறகு மைதானத்துக்குப் போகலாம் என்று காத்திருக்காமல், முதலில் பத்து நிமிடம் மைதானத்துக்குப் போகச் சொல்கிறது சிபிடி. அப்படிச் சிறு செயல்களை அட்டவணை போட்டுச் செய்ய வைப்பதே மனச்சோர்வுக்கான பயிற்சியில் முதல் வேலை.

வயதுக்கேற்ப விகிதம் மாறும். ஏழெட்டு வயதுப் பிள்ளை தன் எண்ணத்தைத் தனியாகப் பிரித்துப் பார்க்கத் திணறும். அங்கே படம், பொம்மை, விளையாட்டு, சின்னப் பரிசு இவையே அதிகம். பதினைந்து வயதில் வாதிக்கவே பிடிக்கும். பெற்றோரின் பங்கும் சிறியதல்ல. பயந்த பிள்ளைக்காக ஆசிரியரிடம் போய்ப் பேசுவது, விடுப்புக் கடிதம் எழுதித் தருவது, இரவெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது ஆகிய எல்லாம் அன்பால் செய்வதுதான். அவையே பயத்தைப் பாதுகாத்தும் விடுகின்றன. இதைக் குற்றச்சாட்டாக இல்லாமல் எடுத்துச் சொல்வது ஆலோசகரின் வேலையில் கடினமான பகுதி.

கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸ்

மருத்துவமனையில் தேறிய ஒரு சிகிச்சை பள்ளிக்கூடத்திலும் நிற்குமா என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் கிடைத்தது. அங்கே புலம்பெயர்ந்த லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளில், பிள்ளைகள் கத்திக்குத்தையும் துப்பாக்கிச் சூட்டையும் நேரில் பார்த்தே வளர்ந்தார்கள். கனவில் அலறினார்கள், வகுப்பில் கவனம் நிற்கவில்லை, எந்தச் சத்தத்துக்கும் துள்ளினார்கள். மருத்துவமனைக்குப் போகப் பணமும் நேரமும் அந்தப் பெற்றோருக்கு இல்லை. ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் லிசா ஜேகாக்ஸ், பிராட்லி ஸ்டைன், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஷெரில் கட்டாவோகா, லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி மாவட்டத்தின் மார்லீன் வாங் ஆகியோர் சேர்ந்து, பள்ளி நேரத்துக்குள்ளேயே முடியும் ஒரு திட்டத்தை வகுத்தார்கள். ‘சிபிட்ஸ்’ என்று அதற்குப் பெயர்.

திட்டம் சின்னது. ஐந்து முதல் எட்டுப் பேர் கொண்ட குழு. வாரம் ஒரு பாடவேளை. மொத்தம் பத்து அமர்வுகள். இடையில் ஒன்று முதல் மூன்று முறை ஒவ்வொரு மாணவரும் ஆலோசகரைத் தனியே சந்திப்பார். பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் தனிக் கூட்டங்கள் உண்டு. முதல் வாரங்களில், கொடுமையைக் கண்டவர்களுக்குக் கெட்ட கனவும் திடுக்கிடலும் வருவது இயல்பு, தாங்கள் பைத்தியமாகவில்லை என்று பிள்ளைகள் தெரிந்துகொள்கிறார்கள். இந்த ஒரு தகவலே பலருக்குப் பெரிய ஆறுதல். பிறகு உடம்பைத் தளர்த்தும் பயிற்சி, பூஜ்யம் முதல் பத்து வரை பயத்தை அளக்கும் பயமானி. ஒரு மாணவர் நடு நாற்காலியில் உட்கார, மற்றவர்கள் அவருடைய எண்ணத்துக்கு மாற்று எண்ணம் தேடித் தரும் விளையாட்டு. அதன்பின் பயப் படிக்கட்டு. பார்த்த கொடுமையை முழுதாகச் சொல்வது தனிச் சந்திப்பில்தான் நடக்கும். குழுவில் தாங்கள் விரும்பிய அளவுக்கு மட்டும் வரையலாம், எழுதலாம், பகிரலாம். கடைசி அமர்வுகளில் நண்பர்களோடும் வீட்டாரோடும் வரும் சிக்கல்களைத் தீர்க்கும் பயிற்சி.

2001-02 கல்வியாண்டில் இரண்டு நடுநிலைப் பள்ளிகளில், வன்முறையைக் கண்டு மனம் பாதிக்கப்பட்ட ஆறாம் வகுப்பு மாணவர்கள் 126 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே பயிற்சி, மறுபாதிக்கு மூன்று மாதம் கழித்து. பயிற்சி தந்தவர்கள் பள்ளி மாவட்டத்தின் சொந்த ஊழியர்கள், பல்கலைக்கழக நிபுணர்கள் அல்ல. தொடக்கத்தில் இரு பாதியினருக்கும் அதிர்ச்சிப் பாதிப்பின் மதிப்பெண் 24ஐ ஒட்டி இருந்தது. மூன்று மாதத்தில் பயிற்சி பெற்றவர்களுக்கு 8.9 ஆக இறங்கியது, காத்திருந்தவர்களுக்கு 15.5. மனச்சோர்வும் குறைந்தது. வீட்டில் பிள்ளையின் போக்கு மேம்பட்டதைப் பெற்றோர் கண்டார்கள். ஆசிரியர்கள் மட்டும் வகுப்பறையில் வித்தியாசம் எதையும் காணவில்லை. 2003இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ‘ஜாமா’ இதழில் இந்த முடிவுகள் வெளிவந்தபோது, அந்த எதிர்மறை முடிவையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள். உள்ளுக்குள் நொந்துகொண்டிருக்கும் பிள்ளை வகுப்பில் தொந்தரவு தராமல் இருக்கலாம், அதனால் ஆசிரியரின் கண்ணுக்குத் தப்பலாம் என்பது அதற்கு ஒரு விளக்கம். ஆசிரியர் அனுப்பும் மாணவருக்கு மட்டும் ஆலோசனை என்று வைத்திருக்கும் பள்ளிகள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதைவிட முக்கியமான பாடம் நியூ ஆர்லியன்ஸில் கிடைத்தது. 2005 ஆகஸ்டில் கத்ரினா புயல் அந்த நகரை மூழ்கடித்தது. பதினைந்து மாதங்களுக்குப் பிறகும் பிள்ளைகள் மீளவில்லை. பாதிக்கப்பட்ட 118 மாணவர்களில் ஒரு பகுதியினருக்குப் பள்ளியிலேயே சிபிட்ஸ், மற்றவர்களுக்கு மருத்துவ மையத்தில் தனிச் சிகிச்சை என்று பிரித்தார்கள். இரண்டு சிகிச்சைகளும் பலன் தந்தன. ஆனால், பள்ளிக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 98 சதவீதம் பேர் சிகிச்சையைத் தொடங்கினார்கள். மருத்துவ மையத்துக்கு ஒதுக்கப்பட்டவர்களில் தொடங்கியதே 37 சதவீதம். வாரந்தோறும் பிள்ளையை அழைத்துப்போக வேலையை விட்டு வர வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும், அக்கம்பக்கத்தார் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் இவை எதுவும் இல்லை. ஏழைப் பிள்ளைக்குச் சிகிச்சை எட்ட வேண்டுமானால், அது பிள்ளை ஏற்கெனவே இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். பள்ளியில் சிபிடி வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான வாதம் இல்லை.

எல்லோருக்கும் பாடமா?

பள்ளி கையில் இருக்கும்போது முழு வகுப்புக்கும் பாடமாகவே நடத்திவிடலாமே என்று அரசுகளுக்குத் தோன்றுவது இயல்பு. செலவு குறைவு, யாரையும் தனியே பிரித்து அடையாளம் காட்ட வேண்டியதில்லை. ஆனால் முடிவுகள் சோர்வூட்டுகின்றன. உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனின் குழு பென்சில்வேனியாவில் உருவாக்கிய மனவலிமைத் திட்டத்தை இங்கிலாந்து 2007இல் மூன்று உள்ளாட்சிப் பகுதிகளில் கொண்டுவந்தது. முதலாண்டில் சிறிய பலன் தெரிந்தது. இரண்டாம் ஆண்டுக்குள் அது கரைந்துவிட்டது. பிறகு அங்கேயே உளவியலாளர் பால் ஸ்டாலர்டின் தலைமையில், எட்டு மேல்நிலைப் பள்ளிகளில் 5,030 மாணவர்களை உள்ளடக்கி நடந்த பெரிய சோதனையில், மனச்சோர்வு அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு வகுப்பறை சிபிடியால் கூடுதல் நன்மை எதுவும் இல்லை என்று 2012இல் தெரியவந்தது. எல்லோருக்கும் மனநலப் பாடம் நடத்துவது, சாதாரண வருத்தத்தையும் நோயாகப் பார்க்கச் சில பிள்ளைகளைப் பழக்கிவிடலாம் என்று ஆக்ஸ்ஃபோர்டு உளவியலாளர் லூசி ஃபௌக்ஸ் போன்றவர்கள் எச்சரிக்கிறார்கள்.

யார் நடத்துகிறார்கள் என்பதும் முடிவை மாற்றுகிறது. ஸ்டாலர்டின் இன்னொரு சோதனையில் 40 தொடக்கப் பள்ளிகளின் 9, 10 வயதுப் பிள்ளைகள் 1,362 பேர் பங்கேற்றார்கள். பாடநூல் ஒன்றுதான். சில பள்ளிகளில் வெளியிலிருந்து வந்த பயிற்சி பெற்ற நலப்பணியாளர்கள் நடத்தினார்கள், சிலவற்றில் பள்ளி ஊழியர்களே நடத்தினார்கள். ஓராண்டு கழித்து நலப்பணியாளர்களிடம் படித்த பிள்ளைகளுக்குப் பதற்றம் குறைந்திருந்தது. மற்றவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. ஆசிரியர்கள்மேல் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. மார்க் போடுபவரும் தண்டிப்பவரும் ஒருவராகவே இருக்கும்போது, அவரிடம் மனதைத் திறப்பது பிள்ளைக்குக் கடினம். நாற்பது நோட்டு திருத்த வேண்டியவருக்கு ஒரு பிள்ளையின் படிக்கட்டைப் பின்தொடர நேரமும் இல்லை. அதோடு, வீட்டில் செய்து பார்க்கும் பயிற்சிதான் சிபிடியின் உயிர்நாடி. துன்பமே இல்லாத பிள்ளை அதைச் செய்வதற்குக் காரணம் ஏதும் இல்லை.

ஆகவே, தேவையுள்ளவர்களைப் பரிவோடு கண்டுபிடித்து, சிறு குழுவாகவோ தனியாகவோ, பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைக்கும் முறையே பள்ளிக்குப் பொருத்தமானது. கண்டுபிடிப்பதில் பிள்ளைமேல் முத்திரை விழும் அபாயம் இருக்கிறது. குழுவுக்குப் பொதுவான பெயர் வைப்பது, பாடவேளையை வாரந்தோறும் மாற்றுவது, அழைப்புச் சீட்டை வகுப்பின் முன் உரக்கப் படிக்காமல் இருப்பது போன்ற சின்ன ஏற்பாடுகளே அதைப் பெருமளவு குறைத்துவிடும்.

எண்ணம் உண்மையாக இருந்தால்

சிபிடி தவறாகப் பயன்படும் இடம் ஒன்று உண்டு. அடிவாங்கும் பிள்ளையிடம் ‘நீ நினைப்பதுபோல் இல்லை’ என்று சொல்வது அது. சாதிப் பெயர் சொல்லிக் கேலி செய்யப்படும் மாணவருக்கு ‘எல்லாரும் என்னை ஒதுக்குகிறார்கள்’ என்ற எண்ணம் பிழையான எண்ணம் அல்ல, சரியான தகவல். அங்கே திருத்த வேண்டியது வகுப்பறையை. குடிகாரத் தந்தைக்குப் பயப்படும் சிறுமியின் பயத்தைத் தணிப்பது அவளைப் பாதுகாப்பின்றி விடுவதாகும். லாஸ் ஏஞ்சலிஸ் திட்டத்தில் பயப் படிக்கட்டு எழுதும்போதே இந்த வேறுபாட்டைக் காப்பார்கள்: உண்மையில் ஆபத்தான தெருவும் ஆளும் படிக்கட்டில் இடம்பெறக் கூடாது, ஆபத்து போன பிறகும் பயம் மட்டும் தங்கிவிட்ட இடங்களே இடம்பெறும். ‘அவன் செத்ததற்கு நான்தான் காரணம்’ என்ற எண்ணத்தைச் சோதிக்கலாம். ‘இந்தத் தெருவில் சுடுகிறார்கள்’ என்பதைச் சோதிக்க வேண்டியதில்லை.

ரகசியக் காப்புக்கும் எல்லை உண்டு. அதை முதல் சந்திப்பிலேயே பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பாலியல் கொடுமையைப் பற்றித் தெரிந்தவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தெரிந்தால் பெற்றோரையும் மனநல மருத்துவரையும் உடனே சேர்த்துக்கொள்ள வேண்டும். பத்து வாரப் படிக்கட்டு அதற்கான இடமல்ல. 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416, தமிழிலும் இயங்குகிறது.

டெல்லியும் நாலந்தாவும்

தேசிய மனநல ஆய்வு 2015-16இன்படி, 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. அத்தனை பேருக்குப் பட்டம் பெற்ற உளவியலாளர்கள் நாட்டில் இல்லை. எனவே, மனநல மருத்துவர் விக்ரம் படேலோடு இணைந்து வளர்ந்த சங்காத் அமைப்பு, உளவியல் பட்டம் இல்லாத இளைஞர்களைப் பயிற்றுவித்து டெல்லி அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பியது. முழு சிபிடி அல்ல. அதன் ஒரு கூறான சிக்கல் தீர்க்கும் முறையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். சில வாரங்களில் முடியும் குறுகிய சந்திப்புகள், கூடவே படக்கதைப் புத்தகங்கள். ஆறு பள்ளிகளில் 250 மாணவர்களிடம் நடந்த சோதனை 2020இல் வெளியானது. புத்தகம் மட்டும் பெற்றவர்களைவிட ஆலோசகரையும் சந்தித்தவர்களுக்கு, தாங்களே ‘என் பெரிய பிரச்சினை’ என்று குறிப்பிட்டவற்றின் கடுமை கூடுதலாகக் குறைந்தது. பொதுவான அறிகுறி அளவுகோலில் இரு சாராருக்கும் வேறுபாடு தெரியவில்லை. கலவையான முடிவுதான். ஆனாலும் நாற்பது பேர் நெருங்கி உட்காரும் வகுப்பறைகளில், உளவியல் பட்டமில்லாத ஆலோசகரால் மாணவரின் கண்முன் இருக்கும் துன்பத்தை இறக்க முடிகிறது என்பது சிறிய செய்தியல்ல.

பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளில் நடந்த ‘சேஹெர்’ திட்டம் சிபிடி அல்ல. பள்ளியின் சூழலையே மாற்ற முயன்ற நலத்திட்டம். யார் நடத்துவது என்ற கேள்விக்கு அதன் விடையும் இங்கிலாந்தின் விடையை ஒத்திருந்தது. அதற்கென்றே நியமிக்கப்பட்ட உள்ளூர் ஆலோசகர் நடத்திய பள்ளிகளில் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வும் வம்புக்கிழுத்தலும் குறைந்தன. ஆசிரியர்களிடமே கூடுதல் பொறுப்பாக விட்ட பள்ளிகளில் பலன் இல்லை.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்கள் அனைத்தும், பிள்ளைகளின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ அமர்த்த வேண்டும். அதைவிடச் சிறியவை வெளி நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். பதவியை உருவாக்குவது முதல் படி. அப்பதவியில் அமர்பவருக்குக் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை, கால அட்டவணையில் பிள்ளையைச் சந்திக்க ஒரு பாடவேளை, தம் வேலையைக் கேட்டுத் திருத்தித் தரும் மூத்தவர் ஒருவர் ஆகிய மூன்றும் வேண்டும். சேர்க்கை விண்ணப்பம் சரிபார்ப்பதும் விடுப்பெடுத்த ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பைப் பார்த்துக்கொள்வதும் அவர் தலையில் விழக் கூடாது.

மூத்தவரின் மேற்பார்வையைப் பலர் ஆடம்பரமாக நினைக்கிறார்கள். டெல்லிப் பள்ளிகளில் பணியாற்றிய இளைஞர்கள் வாரந்தோறும் கூடி, தங்கள் சந்திப்புகளை ஒருவருக்கொருவர் ஆராய்ந்து திருத்திக்கொண்டார்கள். உளவியல் பட்டமில்லாத அவர்களைப் பிள்ளைகள் முன் உட்காரவைக்க முடிந்ததற்கு அந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம்.